இரட்டை அடி

மரக்காலுக்கு இரண்டு அடி வைத்தது நான்தான்.
சமாரியாவின் கிழக்கு வாசலில் தச்சன்,
மாகீரின் மகன் கேரா.
தானியக்காரன் கத்தியா
ஒரு ஜாடி எண்ணெயைத் திண்மையாக முன்னால் வைத்துச் சொன்னான்:
"அடியைக் கொஞ்சம் தூக்கிப் போடு.
இரண்டு விரற்கடை.
யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?"

கருவாலிப் பலகை. இழைத்து இழைத்துச் சேர்த்தேன்.
மூட்டு தெரியாதபடி மெழுகு பூசி
மேலே பழந்தூசியும் தேய்த்தேன்.
நல்ல வேலை.
இப்போதும் சொல்வேன், நல்ல வேலை.

ஒரு குறைதான்.
முதல் பிடி விழும்போது
நெஞ்சு வறண்ட குழந்தை இருமுவதுபோல்
தொம்மென்று கேட்கும்.
சந்தை இரைச்சலில் யார் காதில் விழும்?

ஒருவன் காதில் விழுந்தது.
யோர்தானுக்கு அப்பாலிருந்து வந்தவன்,
முழங்கால்வரை சேறு, பெயர் சொல்லவில்லை.
எதையும் வாங்கவுமில்லை.
மரக்காலைக் கவிழ்த்து, கதவைத் தட்டுவதுபோல்
விரல்முட்டியால் தட்டி,
"உள்ளே யார்?" என்றான்.

சிரித்தோம்.
அவன் காதை வைத்து வெகுநேரம் கேட்டான்.
நிமிர்ந்தபோது கோபம் இல்லை,
இழவு வீட்டுக்கு வந்தவன் முகம்.
"ஆட்கள் இருக்கிறார்கள்.
ஒரு விதவை. அவள் அடகு வைத்த போர்வை.
கடனுக்குப் போன ஒரு மகன்.
வெளியே விடுங்கள்.
விடாவிட்டால், இந்த இருட்டுக்குள்
ஊர் முழுக்கவும் இடம் இருக்கிறது."

காவலர்கள் இழுத்துப்போனார்கள்.
அன்று மாலையே கத்தியா
இரண்டு கொழுத்த கடாக்களைப் பலி கொடுத்தான்.
புகை நேராக மேலே போனது.
"பார்த்தீர்களா?" என்றான்.

தெய்வம் அவசரப்படவில்லை.
நின்றது.
பதினொரு அறுவடை நின்றது.
வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்தோம்.

பிறகு அசீரியர். மூன்று வருட முற்றுகை.
அளக்க ஒன்றுமில்லாமல் மரக்கால் மூலையில் கிடந்தது.
கத்தியா செருப்புவாரை ஊறவைத்துத் தின்றான்.
மதில் விழுந்த மறுநாள்
வாசலில் வைத்து எங்களை எண்ணினார்கள்.
ஒரு தலைகூடக் குறையாமல்
மிகச் சரியாக எண்ணினார்கள்.

இது ஆபோர் நதி. வாய்க்கால் வெட்டுகிறோம்.
படியளக்கிறவர் மேலே இருக்கிறார் என்போம் ஊரில்.
இங்கே படியளப்பவன்
தாடிக்கு எண்ணெய் பூசிய ஒரு கணக்கன்.
ஆளுக்கு வாரம் ஒரு மரக்கால் வாற்கோதுமை.
என் முறை வந்தது.
முதல் பிடி விழுந்தது.
தொம்.

கொள்ளையோடு கொள்ளையாக வந்திருக்கிறது.
தடவிப் பார்க்கவில்லை.
பெற்றவனுக்குப் பிள்ளையின் இருமல் தெரியாதா?

எனக்கு வழக்கில்லை.
நான் செய்தது எனக்கே அளக்கிறது, சரி.
ஆனால் எனக்குப் பின்னால் நிற்பவள் ஓக்லாள்.
போர்வையை அடகு வைத்தவள்.
அந்த மகனைப் பெற்றவள்.
அவளுக்கும் அதே மரக்கால்,
அதே தொம்.

ஆண்டவரே, உம் ஏட்டில் இது எந்த வரி?
நீர் பெட்டியை உடைத்தபோது
உள்ளே அடைபட்டவர்களும் அல்லவா நசுங்கினார்கள்?
நான் செய்த பாவத்தின் வயிறு
அவள் வயிற்றில் ஏன் பசிக்கிறது?

நதி போய்க்கொண்டிருந்தது.
மறுகரையில் யாரோ கழுதையை அதட்டினார்கள்.

என் பங்கிலிருந்து ஒரு பிடி அள்ளி
அவள் கலத்தில் போட்டேன்.
கலத்தைக் குலுக்கிப் பார்த்தாள்.
பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீ கொடுக்கவில்லை," என்றாள்.
"திருப்பித் தருகிறாய்.
அடுத்த வாரமும் வா."